முகத்துக்குப் பூசுமுன் தோலைத் தெரிந்துகொள்வோம்

வீட்டுச் சாமான்களைக் கொண்டு செய்யக்கூடிய இயற்கை முகப் பராமரிப்பு



சம்பளம் போட்ட மறுநாள் பலாங்கொடை டவுனுக்குப் போய் வருகிறவர்களின் பையைப் பார்த்தால் அரிசி, மா, சீனியோடு ஒரு சின்ன டப்பாவும் இருக்கும். முகத்துக்குப் பூசும் கிரீம். சில வீடுகளில் அதை அம்மா வாங்குகிறார், சில வீடுகளில் மகள். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை லீவில் வரும்போது கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. முகம் நன்றாக இருக்க வேணும் என்று நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. காலையில் பிரட்டுக்குப் போய், வெயிலிலும் மழையிலும் நின்று கொழுந்தெடுத்து, பின்னேரம் வீடு திரும்புகிற ஒரு பெண்ணுக்குத் தன் முகத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள எல்லா உரிமையும் இருக்கிறது.

ஆனால் எதைப் பூசுகிறோம், அது நம்முடைய தோலுக்கு ஏற்றதா, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பூசினால் அழகுக்குப் பதிலாக வருத்தம்தான் வரும். அதனால் இந்த முறை வீட்டில் இருக்கும் பயறு, தயிர், தேன், கற்றாழை போன்றவற்றைக் கொண்டு ஒவ்வொரு வகைத் தோலையும் பராமரிப்பது எப்படி என்பதையும், எவற்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேணும் என்பதையும் விளக்குகிறோம்.

தோல் என்ன வேலை செய்கிறது?

தோல் நம் உடம்புக்கு ஒரு மதில் மாதிரி. வெளியே இருக்கும் கிருமி, தூசி, இரசாயனம் உள்ளே வராமல் அது தடுக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போய்விடாமலும் காக்கிறது. தோலுக்கு அடியில் உள்ள சின்னச் சின்னச் சுரப்பிகள் ஒருவகை எண்ணெயைச் சுரக்கின்றன. அந்த எண்ணெய் அளவோடு இருந்தால் முகம் மிருதுவாக இருக்கும். கூடினால் பரு வரும், குறைந்தால் தோல் வறண்டு வெடிக்கும்.

தோலின் மேற்பரப்பு இயற்கையாகவே கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது. அந்தப் புளிப்புதான் கிருமிகளை அடக்கி வைக்கிறது. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டி காரத்தன்மை உள்ளது. அதைப் போட்டு முகத்தைத் தேய்த்தால் இந்தக் காவல் கெட்டுப்போகும். முகம் 'இறுக்கிப் பிடிக்கிற மாதிரி' இருக்கிறது என்று சிலர் சொல்வது இதனால்தான். தோய்க்கிற சவர்க்காரம் துணிக்கு மட்டும்.

நம் தோலின் நிறத்தைக் கொடுப்பது மெலனின் என்ற பொருள். வெயிலின் கதிர்கள் உள்ளே போய்க் கெடுதி செய்யாமல் தடுக்கும் குடை அது. வெயில் கூடினால் தோல் கூடுதலாக மெலனினை உண்டாக்கிக்கொள்ளும். மலையில் வேலை செய்கிறவர்களின் முகம் கறுப்பது அழுக்கும் அல்ல, நோயும் அல்ல. உடம்பு தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கீழே சொல்லும் எந்த முறையும் உங்களை வெள்ளையாக்காது. முகத்தைச் சுத்தமாக, மிருதுவாக, ஆரோக்கியமாக வைத்திருக்க மட்டுமே அவை உதவும்.

மலையில் வேலை செய்யும் முகம்

புத்தகங்களில் வரும் அழகுக் குறிப்புகள் பெரும்பாலும் வீட்டு நிழலில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. நம் நிலைமை வேறு.

முதலாவது வெயில். பலாங்கொடைப் பகுதி பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் வெயில் ஆண்டு முழுவதும் கடுமை. காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரை அது உச்சத்தில் இருக்கும். மேகம் மூடியிருந்தாலும் கதிர்கள் ஓரளவுக்குக் கீழே வந்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது கூடைக் கயிறு. கூடையின் பாரம் நெற்றியிலும் தலையிலும் அழுத்துகிறது. கயிற்றுக்குக் கீழே மடித்து வைக்கும் துணி வியர்வையில் நனைந்து நாள் முழுக்க உராய்கிறது. அதோடு தலையில் வைத்த தேங்காயெண்ணெயும் நெற்றிக்கு வழிகிறது. அழுத்தம், வியர்வை, எண்ணெய் மூன்றும் சேர்ந்தால் நெற்றி ஓரத்தில் பொடிப் பொடியாகப் பரு வரும். இதற்குக் கிரீம் தேவையில்லை. தலைத்துணியைத் தினமும் தோய்த்து வெயிலில் காயவைத்துக் கட்டினாலே நிறையக் குறையும். எண்ணெயை வேலைக்குப் போகும் காலையில் அல்லாமல் லீவு நாளில் வைத்துத் தலை முழுகுங்கள்.

மூன்றாவது மருந்து. புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கும் மருந்து உடுப்பிலும் முகத்திலும் படியக்கூடும். மருந்து அடித்தவரும், மருந்து அடித்த மலையில் நின்றவரும் வீடு வந்ததும் கை, முகம், கழுத்தைக் குளிக்கும் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேணும். அதன் பிறகுதான் பிள்ளையைத் தூக்குவதும் மற்ற வேலைகளும்.

நான்காவது குளிரும் காற்றும். நன்பெரியல் போன்ற மேல்மலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் குளிராலும் காற்றாலும் தோல் வறளும். டவுனுக்குக் கிட்ட, தாழ்வான தோட்டங்களில் இருப்பவர்களுக்கு வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடும். ஒரே வைத்தியம் எல்லாருக்கும் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் தோல் எந்த வகை?

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. லீவு நாளில் வெதுவெதுப்பான தண்ணியில் முகத்தைக் கழுவி, மெதுவாக ஒற்றித் துடைத்துவிட்டு, ஒன்றும் பூசாமல் ஒரு மணித்தியாலம் இருங்கள். பிறகு மெல்லிய கடதாசித் துண்டை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை ஆகிய இடங்களில் தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள்.

கடதாசியில் எல்லா இடத்திலும் எண்ணெய் படிந்தால் அது எண்ணெய்ப் பசைத் தோல்.

எண்ணெயே இல்லாமல் தோல் இறுகி, மாவு மாதிரிப் பொருக்கு உதிர்ந்தால் அது வறண்ட தோல்.

நெற்றி, மூக்கு, தாடையில் எண்ணெயும் கன்னத்தில் வறட்சியும் இருந்தால் அது கலப்புத் தோல். நம்மில் நிறையப் பேருக்கு இந்த வகைதான்.

எண்ணெயும் வறட்சியும் இல்லாமல் சமமாக இருந்தால் அது சாதாரணத் தோல்.

எதைப் போட்டாலும் எரிவு, சிவப்பு, அரிப்பு வந்தால் அது ஒவ்வாமை கூடிய தோல். இவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேணும்.

வயது, கர்ப்பம், காலநிலை இவற்றுக்கேற்ப தோலின் வகை மாறும். பதினாறு வயதில் எண்ணெய் வழிந்த முகம் நாற்பது வயதில் வறண்டு போகலாம். ஆகவே வருடத்துக்கு இரண்டு தடவையாவது மறுபடியும் ஒற்றிப் பாருங்கள்.

ஆரம்பிக்கும் முன் நான்கு விதிகள்

1. பரீட்சை செய்யுங்கள். இயற்கைப் பொருள் என்றால் ஒன்றும் செய்யாது என்று நினைக்கக் கூடாது. காஞ்சோண்டியும் இயற்கைதான், கை பட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். புதிதாக எதைப் பூசுவதானாலும் முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவி, 10 நிமிடம் வைத்துக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தடிப்போ அரிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது.

2. அன்றன்றைக்குச் செய்யுங்கள். தயிர், பால், பழம் சேர்த்த கலவை சில மணித்தியாலங்களில் கெட்டுப்போகும். மிச்சத்தை வைத்து அடுத்த நாள் பூசக் கூடாது. ஒரு தடவைக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு போதும்.

3. சுத்தமான தண்ணீரைப் பயன்படுத்துங்கள். மழை பெய்தால் பீலித் தண்ணி கலங்கி வரும். முகத்தில் பரு உடைந்தோ புண்ணாகவோ இருந்தால் கொதித்தாறிய தண்ணீரில் கழுவுங்கள். கையையும் பாத்திரத்தையும் முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேணும்.

4. பின்னேரத்தில் பூசுங்கள். எதையும் பூசிக்கொண்டு மலைக்குப் போக வேண்டாம். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, அடுப்பில் சோறு வேகும் நேரத்தில் பூசினால் போதும். 10 முதல் 15 நிமிடம், கிழமைக்கு இரண்டு தடவை. கலவை முழுக்கக் காய்ந்து தோலை இழுக்கும் வரை விட வேண்டாம். பாதி காயும்போதே தண்ணியால் நனைத்துக் கழுவிவிடுங்கள்.

எண்ணெய்ப் பசைத் தோலுக்கு

பயற்றம் மா இரண்டு தேக்கரண்டி, புளிக்காத தயிர் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் தண்ணீர் எடுத்துக் குழைத்துப் பூசுங்கள். பயற்றம் மா எண்ணெயை உறிஞ்சும். தயிரில் இருக்கும் மென்மையான புளிப்பு மேலே தேங்கிய செத்த தோலை இளக்கும். பயறு வறுக்காததாக இருக்க வேணும். மாவைத் துணியில் சலித்து எடுங்கள். கரகரப்பான மாவைப் போட்டுத் தேய்த்தால் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

பரு உள்ளவர்கள் தேய்க்கவே கூடாது. சுத்தமான தேனை மட்டும் மெல்லியதாகத் தடவி 10 நிமிடத்தில் கழுவலாம். தேனுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. ஆனால் சீனிப்பாகு கலந்த தேனால் பயன் இல்லை. கித்துள் பாணியும் தேன் அல்ல, அதைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் பறிக்கிற தேயிலையும் உதவும். பாலும் சீனியும் சேர்க்காத சாயத் தண்ணியை நன்றாக ஆறவைத்து, சுத்தமான துணியில் நனைத்து முகத்தில் ஒற்றி எடுங்கள். தேயிலையின் துவர்ப்பு தோலைக் கொஞ்ச நேரம் இறுக்கி எண்ணெய்ப் பசையைக் குறைத்துக் காட்டும். இரவு கண் விழித்துக் கண்ணின் கீழ் வீங்கியிருந்தால், மூடிய கண்ணின் மேல் இதே துணியை ஐந்து நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும்.

வறண்ட தோலுக்கு

நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தில் கால் பங்கை மசித்து, ஒரு தேக்கரண்டி தேன் சேர்த்துப் பூசி, 10 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். வாழைப்பழம் இல்லாவிட்டால் தேங்காயின் முதல் பாலை எடுத்துத் துணியில் நனைத்துத் தடவலாம்.

வறண்ட தோலுக்கு மிகப் பெரிய வைத்தியம் நேரம் பார்த்துப் பூசுவதுதான். குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, நாலைந்து சொட்டுத் தேங்காயெண்ணெயைக் கையில் தேய்த்துக் கன்னத்திலும் கையிலும் தடவுங்கள். அந்த ஈரத்தை எண்ணெய் மூடிப் பிடித்து வைக்கும். காய்ந்த தோலில் பூசினால் அந்தப் பலன் குறைவு. பரு வரும் முகத்துக்கு மட்டும் தேங்காயெண்ணெய் வேண்டாம், அது துளைகளை அடைக்கும்.

சுடுதண்ணியில் முகம் கழுவுவது குளிருக்குச் சுகமாக இருந்தாலும் தோலின் எண்ணெயை அது கரைத்துவிடும். வெதுவெதுப்பே போதும்.

கலப்புத் தோலுக்கு

முகம் முழுக்க ஒரே பொருளைப் பூச வேணும் என்று சட்டம் இல்லை. நெற்றி, மூக்கு, தாடைக்குப் பயற்றம் மாவும் தயிரும். கன்னத்துக்கு வாழைப்பழமும் தேனும். இரண்டையும் ஒரே நேரத்தில் பூசிக் கழுவலாம்.

சாதாரணத் தோலுக்கு

இவர்கள் அதிகம் ஒன்றும் செய்ய வேண்டாம். வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிந்த சாறு, அல்லது கனிந்த பப்பாசிப்பழத்தை மசித்த விழுது, கிழமைக்கு ஒரு தடவை போதும். பப்பாசி நன்றாகப் பழுத்திருக்க வேணும். காயிலிருந்து வடியும் பால் தோலைப் புண்ணாக்கும். அம்மியில் உரைத்த சந்தனமும் நல்லதே, குளிர்ச்சி தரும்.

இங்கே ஒரு சுவையான செய்தி. பர்மாவில், அதாவது இன்றைய மியன்மாரில், பெண்களும் பிள்ளைகளும் 'தனக்கா' என்ற மரப்பட்டையைக் கல்லில் உரைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டுதான் வயலுக்கும் சந்தைக்கும் போகிறார்கள். அந்தத் தனக்கா எடுக்கும் மரங்களில் நம் ஊர் விளாவும் ஒன்று. மரத்தை உரைத்து முகத்துக்குப் பூசும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் சந்தனமோ தனக்காவோ வெயிலை முழுக்கத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வெயிலுக்குத் தலைத்துணியும் அகலத் தொப்பியும் நிழலும்தான் நம்பகமானவை.

ஒவ்வாமை கூடிய தோலுக்கு

கற்றாழை மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். மடலைச் சாய்த்து வைத்து அது முழுக்க வடிய விடுங்கள். அந்த மஞ்சள் பால்தான் பலருக்கு அரிப்பைத் தருகிறது. பிறகு தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சதையைக் கழுவித் தடவுங்கள். வெயிலில் காந்திய முகத்துக்கும் இது நல்லது.

ஓட்ஸ் கிடைத்தால் இரண்டு தேக்கரண்டியைப் பொடித்து வெதுவெதுப்பான தண்ணியில் ஊறவைத்து, அந்தப் பால் போன்ற தண்ணீரால் முகத்தை நனையுங்கள். அரிப்பு அடங்கும். வைத்தியர்களும் ஏற்றுக்கொண்ட முறை இது.

மஞ்சளைப் பற்றி

மஞ்சள் நம் வழக்கத்தோடு கலந்தது. சடங்கு, திருமணம், தைப்பொங்கல் எதுவும் மஞ்சள் இல்லாமல் இல்லை. கிருமியையும் வீக்கத்தையும் குறைக்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் கடையில் வாங்கும் தூள் சுத்தமானதா என்பதுதான் கேள்வி. 2020இல் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து விலை எகிறியபோது, மா கலந்த தூளும் சாயம் கலந்த தூளும் நாட்டில் தாராளமாக விற்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். பங்களாதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயம் கலந்த நிறப்பொடி சேர்க்கப்பட்டதை 2019இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஆகவே கிழங்காக வாங்கி, கழுவி, உரைத்துப் பூசுங்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு அடி இடம் இருந்தால் நாலு கிழங்கை நட்டு வையுங்கள். நம் மண்ணுக்கும் மழைக்கும் நன்றாக வரும்.

இவற்றை முகத்துக்குப் போடாதீர்கள்

எலுமிச்சங்காய்ச் சாறு: 'முகம் பளபளக்கும்' என்று பலரும் சொல்லிக்கொடுக்கும் வைத்தியம் இது. மலைக்குப் போகும் நமக்கு மிக ஆபத்தான வைத்தியமும் இதுவே. தோல் தாங்கக்கூடிய புளிப்பைவிட எலுமிச்சையின் புளிப்பு பல மடங்கு கடுமையானது. அது மட்டுமல்ல, வெயில் பட்டவுடன் தோலைச் சுடும் ஒரு பொருளும் அதில் இருக்கிறது. சாறு பட்ட இடத்தில் வெயில் படும்போது கொப்புளம் வரும். கொப்புளம் ஆறிய பிறகு கறுப்புத் தழும்பு பல கிழமைகள், சிலருக்குப் பல மாதங்கள் நிற்கும். வெளுக்கப் பூசியது கறுத்துப்போகும்.

பற்பசை: பருவின் மேல் வைத்தால் காய்வது போலத் தெரியும். உண்மையில் சுற்றியுள்ள தோலையும் சேர்த்துச் சுடும்.

அப்பச்சோடா: காரத்தன்மை உள்ளது. தோலின் காவலைக் கெடுக்கும்.

முட்டை வெள்ளைக்கரு: பச்சை முட்டையில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கக்கூடும். வாய்க்குக் கிட்டப் பூசுவதைவிட அவித்துப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

பருவைக் கிள்ளுவது: அதுவும் ஒரு வைத்தியம் போலவே நடக்கிறது. கிள்ளினால் கிருமி உள்ளே போகும், குழி விழும்.

வெள்ளையாக்கும் கிரீம்: கட்டாயம் வாசியுங்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைத் தயவுசெய்து வாசியுங்கள்.

'ஏழு நாளில் வெள்ளை' என்று விற்கப்படும் சில கிரீம்களில் பாதரசம் கலக்கப்படுகிறது. மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால் முகம் சீக்கிரம் வெளுத்தது போலத் தெரியும். ஆனால் அது தோல் வழியாக இரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கை நடுக்கம், மறதி, காரணமில்லாத எரிச்சல், கை கால் விறைப்பு இவையும் வரலாம். கர்ப்பிணித் தாய் பூசினால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். பூசிய கன்னத்தில் முகம் வைத்துத் தூங்கும் குழந்தைக்கும் அந்த நஞ்சு ஒட்டும். ஒருவர் பூசினாலும் வீட்டில் எல்லாரும் அனுபவிக்க வேண்டி வரும்.

பாதரசம் என்ன செய்யும் என்பதை உலகம் ஜப்பானின் மினமாட்டா என்ற ஊரில் பார்த்தது. ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீனில் சேர்ந்து, மீனைச் சாப்பிட்ட குடும்பங்களுக்கு நரம்பு நோய் வந்தது. 1956இல் அந்த நோய் வெளியே தெரிய வந்தது. அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் உலக நாடுகள் பாதரசத்துக்கு எதிராக ஓர் உடன்படிக்கை செய்தன. அது 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை முற்றாக நிறுத்த வேணும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அப்படியிருந்தும் களவாக வரும் டப்பாக்கள் கடைகளிலும் கைப்பேசி வழி விற்பனையிலும் கிடைக்கத்தான் செய்கின்றன.

இன்னொரு வகைக் கிரீமில் ஸ்டெராயிட் இருக்கும். அது தோல் நோய்க்கு வைத்தியர் அளவோடு எழுதிக் கொடுக்கும் மருந்து. பாமசியில் துண்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் முகத்துக்குப் பூசினால் தோல் கடதாசி போல மெலியும், இரத்த நரம்பு சிவப்பாகத் தெரியும், பரு நிறைய வரும். நிறுத்தினால் முகம் எரியும். எரிகிறதே என்று மறுபடியும் அதையே பூசுவார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர வைத்தியரின் உதவி வேணும்.

இப்போதே உங்கள் டப்பாவை எடுத்துப் பாருங்கள்:

– செய்த கம்பனி, இறக்குமதி செய்தவர், பொருட்களின் பட்டியல், காலாவதித் திகதி இவை இல்லாவிட்டால் பூசாதீர்கள்.

– பட்டியலில் மெர்குரி, மெர்குரஸ் குளோரைட், கலோமெல், மெர்குரிக் என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம். வாசிக்கத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் காட்டுங்கள்.

– 'தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தால் அதுவும் பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம். நகையில் படக்கூடாதது கன்னத்தில் படலாமா?

– எழுத்து ஒன்றும் இல்லாத வெள்ளை டப்பாவில் அழகு நிலையத்தில் கலந்து கொடுப்பதை வாங்காதீர்கள். பட்டியலில் எழுதாமலே கலப்பவர்களும் இருக்கிறார்கள்.

சந்தேகமான கிரீமை அடுப்பில் எரிக்க வேண்டாம், ஆவி நஞ்சு. கானிலும் கொட்ட வேண்டாம். உறையில் இறுகக் கட்டிப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, பொது சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். விற்பனை பற்றி முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

நிறத்தைப் பற்றிய எண்ணமும் மாறத்தான் செய்கிறது. இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்து நம் லயங்கள் வரை புகழ்பெற்ற ஒரு கிரீம், 2020இல் தன் பெயரிலிருந்து 'வெண்மை' என்று பொருள்படும் சொல்லையே எடுத்துவிட்டது. கம்பனியே எடுத்துவிட்ட சொல்லை, பொண்ணு பார்க்க வரும் வீட்டார் மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேணும்? பெண் பிள்ளையிடம் 'கொஞ்சம் வெள்ளையாக இருந்தால்...' என்று சொல்லும் பெரியவர்கள், அந்தச் சொல்தான் பிள்ளையை அந்த டப்பாவிடம் அனுப்புகிறது என்பதை யோசித்துப் பார்க்க வேணும்.

மங்கு, தேமல், வெளிறிய படை

கன்னத்தின் இரு பக்கமும் தவிட்டு நிறத்தில் படர்வது மங்கு. கர்ப்ப காலத்திலும், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கும் சிலருக்கும், வெயிலில் நிற்பவர்களுக்கும் வரும். பிள்ளை பிறந்த பிறகு பலருக்குத் தானாகவே குறையும். முதல் வைத்தியம் வெயிலை மறைப்பது. மாத்திரையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம், மருத்துவிச்சியிடம் கேளுங்கள்.

நெஞ்சு, முதுகு, கழுத்து, சில வேளை முகத்திலும் வெளிறிப் பொருக்குடன் வருவது தேமல். வியர்வையால் கூடும் ஒரு பூஞ்சணம் அது. டிஸ்பென்சரியில் சின்ன மருந்தோடு குணமாகும்.

ஆனால் வெளிறிய அல்லது சிவந்த ஒரு படையில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், பஞ்சால் தடவியும் தெரியாவிட்டால், அதன் மேல் எதையும் பூசிப் பார்த்துக் காலத்தைக் கடத்தாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையில் இன்றும் வருடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புது நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் ஒழுங்காக எடுத்தால் முழுக்கக் குணமாகும். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குத் தொற்றாது. மறைத்து வைத்தால்தான் கை கால் நரம்பு கெட்டு ஊனம் வரும்.

உள்ளேயிருந்து வரும் அழகு

முகம் வெளிறி, கண்ணின் கீழ் இமை வெள்ளையாகி, ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கினால், குறை தோலில் இல்லை. இரத்தம் குறைவு. இதற்கு எந்த மாவும் பூச முடியாது. முருங்கைக் கீரை, வல்லாரை, பயறு, கடலை, நெத்தலிக் கருவாடு, கிடைத்தால் ஈரல் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு வேண்டாம் என்று சொன்ன எலுமிச்சங்காயைக் கீரைச் சுண்டலில் பிழியுங்கள். கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும்.

தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் சொல்கிறோம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். தேயிலையின் துவர்ப்பு உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணித் தாய்மார் இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது.

மலைக்குப் போகும்போது கொதித்தாறிய தண்ணியும் கொண்டுபோங்கள். 'ஒதுங்க இடமில்லை' என்று தண்ணி குடிக்காமலே இருப்பவர்கள் உண்டு. அந்தக் கஷ்டம் உண்மையானது. ஆனாலும் அதனால் சிறுநீரில் எரிவும் கிருமியும் வரும். மலையில் ஒதுங்குமிடம் கேட்பது உங்கள் உரிமை, சங்கக் கூட்டத்திலும் நிர்வாகத்திடமும் பேசுங்கள்.

கேள்வியும் பதிலும்

ஆம்பிளைகளுக்கும் இது பொருந்துமா?
பொருந்தும். தோலுக்கு ஆண் பெண் வித்தியாசம் அதிகம் இல்லை. சவரம் செய்தபின் எரிந்தால் கற்றாழைச் சதையைத் தடவலாம். ஒருவர் போட்ட பிளேட்டை மற்றவர் போடக் கூடாது.

கைக்குழந்தைக்குப் பயற்றம் மா, மஞ்சள் தேய்க்கலாமா?
வேண்டாம். குழந்தையின் தோல் மிக மெல்லியது. முகத்துக்குச் சுத்தமான தண்ணீரே போதும்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?
புதுத்தோல் கீழேயிருந்து மேலே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகவே ஒரு மாதம் ஒரே முறையைச் செய்து பார்த்துத்தான் தீர்மானிக்க வேணும். ஒரு கிழமையில் மாற்றம் காட்டும் பொருளைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேணும்?
பரு பெரிதாகிக் குழி விழுந்தால், புண் இரண்டு கிழமையில் ஆறாவிட்டால், மச்சம் வளர்ந்தாலோ இரத்தம் கசிந்தாலோ, படையில் உணர்ச்சி இல்லாவிட்டால் உடனே டிஸ்பென்சரியில் காட்டுங்கள். தேவையானால் பலாங்கொடை ஆதார வைத்தியசாலைக்கோ இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை. எதையாவது பூசி முகம் வீங்கி மூச்சு முட்டினால் காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

நினைவில் வைத்துக்கொள்வோம்

தலைத்துணியைத் தினமும் தோயுங்கள். வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவுங்கள். தோலின் வகை பார்த்துப் பூசுங்கள். எலுமிச்சை சட்டிக்கு, முகத்துக்கு வேண்டாம். பெயர் விபரம் இல்லாத டப்பா வீட்டுக்கு வேண்டாம். இந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பாட்டிக்கும் வாசித்துச் சொல்லுங்கள். முக்கியமாக, அடுத்த லீவில் வீட்டுக்கு வரும் மகளின் பையில் அந்த டப்பா இருந்தால் ஏசாமல் பக்கத்தில் உட்காரவைத்து, இருவரும் சேர்ந்து அதில் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள்.